மகவேற்பும் விசுவாசத்தின் துணிவும்: கொரிய அனுபவம் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் மனித சமுதாயத்திலே மிகத் தொன்மையானது. ஆயின், அவ்வழக்கம் யாருடைய தேவையை நிறைவு செய்தற்பொருட்டு நிலவி வந்தது என்று நோக்குமிடத்து, பிள்ளையின் தேவை அதிலே அரிதாகவே இடம்பெற்றது என்பது புலனாகும். உரோமரிடையே மகவேற்கப்பட்டோருட் பெரும்பாலார் வளர்ந்த ஆண்மக்கள். குடும்பப் பெயரும் சொத்தும் குலவழிபாடும் அற்றுப்போகாதிருத்தலே அங்கு நோக்கமாயிருந்தது. சோசன் அரசர் காலக் கொரியாவிலே கொன்பூசிய நெறியைத் தழுவிய உயர்குடியினர், முன்னோர்க்குச் சடங்காற்றும்பொருட்டுத் தந்தைவழி உறவினரின் மகனொருவனையே தேடி ஏற்றனர். இந்து தருமநூல்கள் கூறும் தத்தபுத்திரனும் பிதிர்க்கடன் கழிக்க வந்தவனே. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவிலே தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் மகவேற்பை உரித்துரிமையின் ஒரு கூறாகவே கருதிற்று. மஞ்சள்நீர் அருந்தும் சடங்கும் உரித்தாளரின் சம்மதமும் அதிலே பெறும் முக்கியத்துவத்தைப் பிள்ளையின் நலன் பெறவில்லை.

இத்தகைய ஏற்பாட்டிலே உடற்குறையோ உளவளர்ச்சிக் குறையோ உடைய பிள்ளைக்கு இடமில்லை. சொத்தைப் பேணவும் சடங்காற்றவும் வேண்டப்பட்ட பிள்ளை நலமுடையவனாய் இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். வெளிப்படையான ஊனத்துடன் பிறந்த குழந்தையைக் கொல்லுதற்கு உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம் இடமளித்தமையைச் சிசெரோவின் குறிப்பால் அறிகின்றோம். விசேட தேவையுடைய பிள்ளையை, அத்தேவையை அறிந்துகொண்டே மகவாக ஏற்பது இந்த முறைமை முழுவதையும் தலைகீழாக்கும் செயலாகும். இருபதாம் நூற்றாண்டிலே அவ்வாறு செய்தோருட் கணிசமானோர் தம் செயலுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தையே காரணமாகக் கூறினர். அவ்விசுவாசம் எத்தகைய துணிவை அளித்தது, அத்துணிவு எவ்விடத்திலே பிறழ்ந்தது என்பவற்றைக் கொரியாவின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விரண்டையும் ஒரே களத்தில், ஏறத்தாழ எழுபது ஆண்டுக்காலத்துக்கு, கொரியாவிலே போல வேறெங்கும் தெளிவாகக் காணுதல் அரிது.

முதலிலே விசுவாசத்தின் அடிப்படை எதுவென்று நோக்குதல் தகும். உரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களிலே பவுல், இறைவனுக்கும் மனிதருக்குமுள்ள உறவை விளக்க மகவேற்பு என்னும் சட்டச் சொல்லையே கையாண்டார். உரோமச் சட்டத்திலே தகுதியுடையவன் தேர்ந்தெடுக்கப்பட்டான். பவுலின் உருவகத்திலோ தகுதி எதுவுமில்லாதவர் பிள்ளைகளாக ஏற்கப்படுகின்றனர். சொல் ஒன்றே எனினும் பொருள் நேர்மாறானது. இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம். பிறவிக் குருடனொருவனைக் கண்ட சீடர்கள், அவனது குறைக்கு அவன் செய்த பாவம் காரணமா, பெற்றோர் செய்த பாவம் காரணமா என்று வினவுகின்றனர். இயேசு இரண்டையும் மறுக்கின்றார். ஊனத்தை முன்வினைப் பயனாகவோ குடும்பத்துக்கு நேர்ந்த இழுக்காகவோ கருதும் எந்தச் சமுதாயத்திலும் இம்மறுப்பின் தாக்கம் சிறிதன்று.

எனினும் திருச்சபையின் வரலாறு இவ்வேதப் பகுதிகளுக்கு ஒத்ததாகவே அமைந்தது என்று கொள்ளலாகாது. கைவிடப்பட்ட சிசுக்களை ஏற்க மத்தியகால ஐரோப்பாவிலே எழுந்த இல்லங்களிற் பிள்ளைகள் பெருந்தொகையாக மாண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்கப் புரட்டஸ்தாந்து போதகர் பலர் இனமேம்பாட்டியலை மேடையேறி ஆதரித்தனர். குறையுடையோர் பிறவாதிருத்தலே நாட்டுக்கு நன்று என்பது அக்கொள்கை. ஆகவே, கிறிஸ்தவம் இயல்பாகவே இத்துணிவைத் தந்தது எனல் பொருந்தாது. அதனுள்ளே கிடந்த ஒரு சாத்தியத்தைச் சிலர் எடுத்துப் பயன்கொண்டனர் என்பதே சரி.

'விசேட தேவை' என்ற தொடரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அது மருத்துவத் துறையிலிருந்து வந்த சொல் என்றே நாம் எண்ணுகின்றோம். அமெரிக்க மகவேற்புச் சட்டத்திலோ அதன் பொருள் வேறு. 1980ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் உடல், உள நிலைகளோடு பிள்ளையின் வயது, இனம், சகோதரர்களுடன் சேர்த்தே ஏற்கப்பட வேண்டிய நிலை ஆகியவற்றையும் இத்தொடரின்கீழ் அடக்கிற்று. அதாவது, ஏற்பார் கிடைத்தற்கு அரிய பிள்ளை எதுவோ அதுவே விசேட தேவையுடைய பிள்ளை. இது பிள்ளையின் இயல்பைச் சுட்டும் சொல்லன்று; ஏற்கும் சமுதாயத்தின் விருப்பு வெறுப்பைச் சுட்டுவது. கொரியப் போரின் பின்னர் அமெரிக்கப் படையினருக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த கலப்பினக் குழந்தைகள் இதற்குத் தக்க சான்று. அவர்கள் உடலில் யாதொரு குறையுமில்லை. தந்தைவழியே குடியுரிமையும் குலமும் பெறப்பட்ட நாட்டிலே தந்தையின்றிப் பிறந்தமையே அவர்தம் குறை. கொரியாவின் மகவேற்பு வரலாறு இவர்களிடமிருந்தே தொடங்குகின்றது.

ஹரி ஹோல்ற் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே கிறெஸ்வெல் என்னும் சிற்றூரில் வாழ்ந்த விவசாயி. மரம் அரியும் தொழிலிலும் ஈடுபட்டவர். 1950இல் மாரடைப்பினால் தாக்குண்டு பிழைத்தவர். அவருக்கும் மனைவி பேர்த்தாவுக்கும் ஆறு பிள்ளைகள் இருந்தனர். 1954இன் இறுதியிலே 'வேர்ல்ட் விஷன்' நிறுவனர் பொப் பியர்ஸ் காட்டிய திரைப்படமொன்றின்வழிக் கொரியக் கலப்பினக் குழந்தைகளின் நிலையை இவர்கள் அறிந்தனர். எட்டுப் பிள்ளைகளை ஏற்பதெனத் தீர்மானித்தனர். அகதிகள் தொடர்பான அன்றைய சட்டம் ஒரு குடும்பத்துக்கு இருவரையே அனுமதித்தமையால், 1955இலே அமெரிக்கக் காங்கிரஸ் இவர்களுக்கெனத் தனிச் சட்டமொன்றை இயற்ற நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரிலே ஹரி பன்னிரண்டு குழந்தைகளுடன் போர்ட்லன்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினார். எண்மர் அவருடையோர், ஏனைய நால்வர் வேறு குடும்பங்களுக்குரியோர். பத்திரிகைகள் இதனைப் பெருஞ்செய்தியாக்கின. பிள்ளை வேண்டி விண்ணப்பித்தோரின் கடிதங்கள் கிறெஸ்வெல்லுக்குக் குவிந்தன. 1956இலே ஹோல்ற் மகவேற்புத் திட்டம் தோன்றிற்று.

இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. அக்காலத்து அமெரிக்கச் சமூகப்பணித் துறை, 'பொருத்தம்' என்னும் கோட்பாட்டை விஞ்ஞானமெனக் கொண்டிருந்தது. பிள்ளையும் பெற்றோரும் இனத்தால், மதத்தால், தோற்றத்தாற்கூட ஒத்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஊனமுற்ற பிள்ளைகளும் கலப்பினப் பிள்ளைகளும் மகவேற்புக்கு ஒவ்வாதோர் என ஒதுக்கப்பட்டனர். ஏழைகளும் வயது முதிர்ந்தோரும் முன்னரே பல பிள்ளைகளைப் பெற்றோரும் பெற்றோராதற்குத் தகுதியற்றோர் எனத் தள்ளப்பட்டனர். கல்லூரிப் படிப்பில்லாத ஒறிகன் விவசாயி இவ்விதிகள் அனைத்தையும் புறக்கணித்தார். எல்லாக் குழந்தைகளும் இறைவனின் பார்வையில் ஒன்றே என்னும் அவரது எளிய நம்பிக்கை, அன்றைய நிபுணர்களின் அறிவைக் காட்டிலும் முற்போக்கானதாய் இருந்தது. இதனை மறைத்தல் நேர்மையாகாது.

அதே நம்பிக்கையின் மறுபக்கமும் உண்டு. நிபுணர்களின் தப்பெண்ணத்தைத் தள்ளியவர் அவர்களின் எச்சரிக்கையையும் சேர்த்தே தள்ளினார். ஏற்க விரும்புவோர் மறுபிறப்படைந்த கிறிஸ்தவராய் இருத்தல் வேண்டும் என்பதே அவர் வேண்டிய முதன்மைத் தகுதி. குடும்பத்தின் நிலையை நேரிற் கண்டறியும் விசாரணை அவருக்கு வீண் தாமதமாகவே தோன்றிற்று. பதிலாள் மூலமான மகவேற்பு முறையிலே, அமெரிக்காவிலுள்ளோர் பிள்ளையைக் காணாமலே கொரியச் சட்டப்படி அதன் பெற்றோராயினர். வாடகை விமானங்களிலே கைக்குழந்தைகள் கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். சிலர் வழியிலேயே இறந்தனர். சிறுவர்நல நிறுவனங்கள் கண்டித்தன. 1961இலே அமெரிக்கச் சட்டம் இம்முறையைக் கட்டுப்படுத்திற்று. தாமதித்தால் குழந்தை இறந்துவிடும் என்பது ஹரியின் வாதம். போருக்குப் பிந்திய கொரியாவின் அநாதை இல்லங்களைக் கண்டவர் எவரும் அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயின், அவசர காலத்துக்கென அமைந்த வழிமுறை அவசரம் நீங்கிய பின்னரும் நீடித்தது. தீங்கு அங்கேதான் தொடங்கிற்று.

ஹோல்ற் குடும்பத்தின் பணியிலே அதிகம் பேசப்படாத ஒரு கிளையை இனி நோக்குவோம். 1960களின் தொடக்கத்திலே, சியோல் நகருக்கு வடமேற்கேயுள்ள இல்சான் என்னுமிடத்தில் ஹரி நிலம் வாங்கி ஓர் இல்லம் அமைத்தார். யாரும் ஏற்க முன்வராத பிள்ளைகளுக்கான இடம் அது. மூளைவாதம் உற்றோர், உளவளர்ச்சி குன்றியோர், பல குறைகள் ஒருங்கே உடையோர் அங்கு எஞ்சினர். 1964 ஏப்ரலிலே ஹரி கொரியாவில் மாரடைப்பினால் இறந்தபோது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மகள் மொலி ஒரு தாதி. 1956இலே கொரியா சென்ற இவர், இடையிடையே படிப்பின்பொருட்டு நாடு திரும்பியதைத் தவிர, 2019 மே மாதத்தில் எண்பத்துமூன்றாம் வயதில் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். மணம் செய்துகொள்ளவில்லை. இல்சானிலே அங்கு வாழ்ந்தோருடன் ஒரே வளவிலே வாழ்ந்தார். அவர்கள் அவரை அக்கா என்னும் பொருள்படும் கொரியச் சொல்லால் அழைத்தனர்.

மொலியின் பணி சட்டப்படி மகவேற்பு ஆகாது. எந்த நீதிமன்றமும் அவரை எவருக்கும் தாயாக்கவில்லை. ஆனாலும், விசேட தேவையுடையோரைப் பொறுத்தவரை விசுவாசத்தின் துணிவு யாதென்று வினவினால், விமான நிலையத்துப் புகைப்படங்களைவிட இல்சானையே நான் காட்டுவேன். பிள்ளையை ஏற்கும் கணத்திலே உணர்ச்சி உதவுகின்றது. உறவினரும் சபையாரும் சூழ்ந்து நின்று வாழ்த்துகின்றனர். முப்பது ஆண்டுகள் கழிந்து, பிள்ளை நரைத்த தலையுடன், ஊட்டிவிட ஒருவர் தேவைப்படும் நிலையிலேயே இருக்கும்போது அங்கு வாழ்த்துவோர் இல்லை. ஊனமுற்ற பிள்ளையைத் தேவதை என்றும் இறைவன் அனுப்பிய பாடம் என்றும் போற்றும் பக்தி இலக்கியம் அமெரிக்காவிலே மிகுதி. அப்பிள்ளை முதியவராகும் என்பதை அவ்விலக்கியம் பெரும்பாலும் நினைப்பதில்லை. தாமே ஊனமுற்றவரான இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட் 1994இல் வெளியிட்ட நூலில், உயிர்த்த கிறிஸ்து காயவடுக்களுடனேயே தோன்றினார் என்பதை ஆதாரமாகக் கொண்டு, ஊனத்தைப் பாவமாகவும் புண்ணியம் தேடும் வாயிலாகவும் காணும் இரு பார்வைகளையும் ஒருங்கே மறுத்தார். தம்மை ஈகைக்குரிய பொருளாகக் கருதுவதை ஊனமுற்றோர் எதிர்ப்பதற்கு இறையியல் அடிப்படை அந்நூலிலே கிடைக்கின்றது.

இத்துணிவு மரபுவழி விசுவாசத்துக்கு மட்டுமே உரியது எனவும் கொள்ளலாகாது. 1938இல் நொபெல் பரிசு பெற்ற நாவலாசிரியை பேர்ள் பக் சீனாவிலே மிஷனரிப் பெற்றோருக்கு மகளாக வளர்ந்தவர். மிஷனரிமாரின் மனப்பான்மையை வெளிப்படையாகக் கண்டித்ததனால் 1933இல் மிஷன் பணியிலிருந்து விலகியவர். பிறவி வளர்சிதை மாற்றக் குறையினால் உளவளர்ச்சி குன்றிய தம் மகளைப் பற்றி 1950இலே அவர் நூல் எழுதியபோது, அத்தகைய பிள்ளைகளைக் குடும்பங்கள் மறைத்து வைப்பதே அமெரிக்க வழக்கமாயிருந்தது. வேறு நிறுவனங்கள் ஏற்க மறுத்த கலப்பினப் பிள்ளைகளுக்கு வீடு தேட 1949இல் 'வெல்கம் ஹவுஸ்' நிறுவினார். 1967இலே கொரியாவின் புச்சோன் பகுதியில் அவர் தொடங்கிய நிலையமோ, கலப்பினப் பிள்ளைகள் தாய்நாட்டிலேயே கற்றுத் தொழில் பயின்று வாழ வழிசெய்வதை நோக்கமாகக் கொண்டது. நாட்டைவிட்டு அனுப்புவதே ஒரே மீட்பு என்னும் எண்ணத்துக்கு அது ஒரு மாற்று.

அந்த மாற்று பரவவில்லை. காரணம் பொருளாதாரமும் அரசியலும் ஆகும். 1961இலே இராணுவ ஆட்சி, அநாதைகளின் மகவேற்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. அரசு சமூக நலனுக்குச் செலவிட விரும்பவில்லை. வெளிநாட்டு மகவேற்பு அச்செலவைத் தவிர்த்ததோடு அந்நியச் செலாவணியையும் ஈட்டிற்று. போர் அநாதைகள் வளர்ந்துவிட்ட பின்னர் வறியோரின் பிள்ளைகளும், அவர்களுக்குப் பின் மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளும் அனுப்பப்பட்டனர். கொரியா வறுமையிலிருந்து மீண்டெழுந்த காலத்திலேதான் தொகை உச்சத்தை எட்டிற்று: 1985ஆம் ஆண்டில் மாத்திரம் 8,800க்கு மேற்பட்ட பிள்ளைகள். மொத்தத் தொகை ஏறத்தாழ 2 இலட்சம் என மதிப்பிடப்படுகின்றது. ஒரு பிள்ளையை விரைவாக அனுப்புதற்கு அது அநாதையாக இருத்தல் வேண்டும். ஆகவே, பெற்றோர் உயிரோடிருந்த பிள்ளைகளுக்கும் அநாதைக் குடும்பப் பதிவேடு தனியாகத் தயாரிக்கப்பட்டது. அதிலே பிள்ளை தன் குடும்பத்தின் ஒரே உறுப்பினன், தாயுமில்லை, தந்தையுமில்லை. வரலாற்றாசிரியர் அரிசா ஓ 2015இல் வெளியிட்ட ஆய்விலே, தொடக்ககால மகவேற்பு இயக்கத்தை உந்திய மனப்பான்மையைக் 'கிறிஸ்தவ அமெரிக்கனியம்' எனப் பெயரிட்டுள்ளார். நல்ல கிறிஸ்தவராயிருத்தலும் நல்ல அமெரிக்கராயிருத்தலும் ஒன்றாகிவிட்ட நிலை அது.

1988 சியோல் ஒலிம்பிக் விழாவின்போது வெளிநாட்டுப் பத்திரிகைகள், கொரியா குழந்தைகளையும் ஏற்றுமதி செய்கின்றது என எழுதின. வெட்கமுற்ற அரசு, 1996ஆம் ஆண்டளவிலே வெளிநாட்டு மகவேற்பை நிறுத்தப் போவதாக 1989இல் அறிவித்தது. அவ்வறிவிப்பிலே ஒரு விதிவிலக்கு இருந்தது. கலப்பினப் பிள்ளைகளும் ஊனமுற்ற பிள்ளைகளும் தொடர்ந்தும் அனுப்பப்படலாம் என்பதே அது. நாட்டின் மானத்தைக் காக்க எண்ணியபோதும் இவ்விரு பிரிவினரும் அம்மானத்தின் எல்லைக்குள் அடங்கவில்லை. (அத்திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது.) மேல்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் விசேட தேவையுடைய பிள்ளைகளைத் துணிந்து ஏற்கும் வரை, உள்நாட்டிலே அவர்களுக்கென வைத்தியமும் கல்வியும் உதவித்தொகையும் அமைக்கவேண்டிய நெருக்கடி அரசுக்கு ஏற்படவில்லை. தனிமனிதரின் துணிவு ஒரு சமுதாயத்தின் கோழைத்தனத்துக்குத் துணைபோகக்கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது.

வளர்ந்துவிட்ட மகவேற்புப் பிள்ளைகள் தம் ஆவணங்களைத் தேடித் திரும்பிவந்தபோது உண்மை வெளிப்பட்டது. 11 நாடுகளிலிருந்து 367 பேர் செய்த முறைப்பாடுகளை விசாரித்த கொரிய உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு, 2025 மார்ச்சில் முதற்கட்டமாக 56 பேர் மனித உரிமை மீறலுக்கு உள்ளானமையை ஏற்றது. பொய்ப் பதிவேடுகள், முறையற்ற சம்மதம், ஒரு பிள்ளைக்குப் பதிலாக வேறொரு பிள்ளையை அதே பெயரில் அனுப்பியமை ஆகியன அறிக்கையிலே இடம்பெற்றன. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஜனாதிபதி லீ ஜே-மியுங் அரசின் சார்பிலே மன்னிப்புக் கோரினார். இச்செய்திகளை வாசிக்கும் இலங்கையர் எவரும் அயலார் கதையெனக் கடந்துசெல்ல முடியாது. 1970களிலும் 1980களிலும் இங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளின் ஆவணங்களிலும் இத்தகைய பொய்கள் உள்ளன. 2021 பெப்ரவரியிலே வெளிவந்த நெதர்லாந்து விசாரணைக் குழுவின் அறிக்கை ஆராய்ந்த ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

சியோல் நகரின் குவானக் பகுதியிலே, நங்கொக் என்னும் குன்றுப்புறக் குடியிருப்பில் ஒரு சிறு தேவாலயம் இருக்கின்றது. அதன் போதகர் லீ ஜோங்-ராக். இவருக்குக் கடுமையான ஊனத்துடன் ஒரு மகன் பிறந்தான், பேச்சில்லை, நடையில்லை. மகனுடன் நீண்டகாலம் வைத்தியசாலையில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த மூதாட்டியொருவர் தம் காலத்தின் பின்னர் தம் ஊனமுற்ற பேத்தியைப் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். போதகர் ஏற்றார். செய்தி பரவவே, வேறு பிள்ளைகளும் வந்தனர். அவரும் மனைவியும் ஏறத்தாழப் பத்துப் பிள்ளைகளைச் சட்டப்படி மகவேற்றனர். அவர்களுட் பலர் விசேட தேவையுடையோர். ஒரு சிசு தேவாலய வாசலில் விடப்பட்டு உறைந்துபோகும் நிலையிலே காணப்பட்டதை அடுத்து, ஐரோப்பாவில் இருந்த ஏற்பாட்டைக் கேள்வியுற்று, 2009 டிசெம்பரில் தேவாலயச் சுவரிலே ஒரு பெட்டி பொருத்தினார். வெளியிலிருந்து கதவைத் திறந்து குழந்தையை உள்ளே வைக்கலாம். உட்புறம் வெப்பமூட்டப்பட்டது. கதவு திறந்ததும் மணி ஒலிக்கும். இதுவரை 2,000க்கு மேற்பட்ட சிசுக்கள் அதன்வழி வந்துள்ளன. மொலி ஹோல்ற் மறைந்த 2019இலே போதகரின் அம்மகனும் இறந்தான்.

இரத்த உறவையே குடும்பமெனக் கொள்ளும் சமுதாயத்திலே, ஊனமுற்ற பிள்ளைகளைத் தம் பெயரில் பதிவு செய்த ஒரு கொரியரின் செயல், அமெரிக்கரின் செயலைவிடக் கடினமானது. அவருக்குப் பின்னால் விமானமில்லை. அண்டை வீட்டாரின் பார்வையிலிருந்து தப்பிச் செல்ல இடமில்லை. பெரும்பாலும் ஊனமுற்ற சிசுக்களை எதிர்பார்த்தே பெட்டி அமைக்கப்பட்டது. வந்தவர்களுட் பெரும்பாலாரோ நலமுடைய பிள்ளைகள். மணமாகாத தாய்மார் சமுதாயத்துக்கு அஞ்சி விட்டுச்சென்றோர். அங்கேதான் விவாதம் எழுந்தது.

விவாதத்தின் எதிர்ப்பக்கத்திலே நின்றவரும் ஒரு போதகரே. கிம் டோ-ஹியுன் என்பார் சியோலிலே, வேர்களின் இல்லம் எனப் பொருள்படும் பெயருடைய விடுதியொன்றை நடத்திவந்தார். தாயைத் தேடி வெளிநாடுகளிலிருந்து திரும்பிய மகவேற்புப் பிள்ளைகளுக்கு அது தங்குமிடம். பதிவேட்டிலே ஒரு வரி இல்லாமையால் வாழ்நாள் முழுதும் அலைந்தோரின் கண்ணீரை அவர் கண்டவர். இவரும் மகவேற்புப் பிள்ளைகளும் மணமாகாத தாய்மாரும் இணைந்து போராடியதன் பயனாக, 2012 ஓகஸ்டிலே திருத்தப்பட்ட மகவேற்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறப்பைப் பதிவு செய்த பின்னரே, தாய்க்கு ஏழு நாள் சிந்திக்க அவகாசம் அளித்த பின்னரே, நீதிமன்ற அனுமதியுடனேயே மகவேற்பு நிகழலாம் என அது விதித்தது. பதிவு தம்மைக் காட்டிக்கொடுக்கும் என அஞ்சிய தாய்மார் பெட்டியை நாடினர் என்பது லீ போதகரின் வாதம். 2013இலே பெட்டிக்கு வந்த சிசுக்களின் தொகை 200ஐத் தாண்டியது உண்மையே. பெட்டி இருப்பதனாலேயே கைவிடல் எளிதாயிற்று என்றும், அதனூடாக வந்த பிள்ளை தன் தோற்றுவாயை என்றென்றைக்கும் இழக்கின்றது என்றும் மறுதரப்பினர் கூறினர். 2019இலே ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைக் குழு, இத்தகைய பெட்டிகளைத் தடைசெய்யுமாறு கொரிய அரசை வேண்டிற்று. 2015இலே அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாகிக் கிறிஸ்தவ இரசிகர்களை உருக்கிய 'த ட்ரொப் பொக்ஸ்' என்னும் ஆவணப்படம் லீ போதகரின் கதையையே கூறுகின்றது. வேர்களின் இல்லத்தில் தங்கியோரின் கதைக்கு அத்தகைய திரையும் இரசிகரும் வாய்க்கவில்லை.

இருவரும் ஒரே வேதநூலையே வாசிப்பவர்கள். ஒருவர் இன்றிரவு குளிரிலே சாகக்கூடிய சிசுவைக் காண்கின்றார். மற்றவர் அச்சிசு முப்பது ஆண்டுகளின் பின் கேட்கப்போகும் கேள்வியைக் கேட்கின்றார். என் கருத்திலே, பிற்கூறியவரின் பக்கமே நியாயம் மிகுதி. ஆயின், அந்நியாயம் விலையின்றி வரவில்லை என்பதையும், அவ்விலையை நங்கொக்கின் சுவரிலிருந்த பெட்டியே ஓரளவு ஏற்றது என்பதையும் ஒப்புக்கொள்ளாமல் அப்பக்கத்தைச் சாருவது நேர்மையன்று. விசேட தேவையுடைய பிள்ளைகளின் நிலையோ இரு தரப்பினரின் வாதத்துக்கும் அப்பாற்பட்டது. அவர்களின் தாய்மார் பலர் மணமானவர்கள்; மறைக்கவேண்டியது பிறப்பையன்று, பிள்ளையை. பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அப்பிள்ளைகளை உள்நாட்டிலே மகவேற்போர் மிகச் சிலரே.

2023இலே அரசாங்கக் கணக்காய்வு ஒன்று, 2015 முதல் 2022 வரை வைத்தியசாலைகளிலே பிறந்தும் பதிவுபெறாத 2,000க்கு மேற்பட்ட குழந்தைகளை வெளிப்படுத்திற்று. அவர்களுட் சிலர் கொல்லப்பட்டிருந்தனர். நாடு அதிர்ச்சியுற்றது. 2024 ஜூலை 19 முதல், வைத்தியசாலைகளே பிறப்பை அரசுக்கு அறிவிக்கும் முறையும், இடருற்ற தாய் தன் பெயரை மறைத்து வைத்தியசாலையிற் பிள்ளை பெறும் முறையும் ஒருங்கே நடைமுறைக்கு வந்தன. தாயின் விபரம் முத்திரையிட்டுப் பாதுகாக்கப்படும். பிள்ளை வளர்ந்து வேண்டினால், தாய் சம்மதிக்கும்போது மாத்திரம் வெளியிடப்படும். இரு போதகர்களின் வாதங்களையும் ஒட்டவைத்த சட்டம் இது எனலாம். ஒட்டு எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அக்குழந்தைகள் வளர்ந்த பின்னரே காணமுடியும். 2025 ஜூலையிலிருந்து மகவேற்புப் பணி முழுவதையும் அரசே ஏற்றுள்ளது. தனியார் நிறுவனங்கள் எழுபது ஆண்டுகளாக வைத்திருந்த கோவைகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, கோயாங் நகரிலே தற்காலிகக் களஞ்சியமொன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இல்சானும் இன்று அதே கோயாங் நகரின் ஒரு பகுதியே. ஹரியும் 2000இல் இறந்த பேர்த்தாவும் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.